கணினிக்குக் கஞ்சி வார்த்த ஊர்

ஜூலை மாதத்தில் எங்கள் வடகோடி ஊரான கோர்ப்பிவாராவில் கஞ்சி அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கிண்டுகிற பால்கஞ்சியை, கொசு மொய்க்கும் கோடையில் ஊரே அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டிருந்தது. யாருக்கு? பசித்த பிள்ளைக்கா? பத்தியம் இருக்கும் நோயாளிக்கா? அதெல்லாம் இல்லை. கம்ப்யூட்டருக்கு!

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் மெதுவாகச் சிரியுங்கள். ஊரில் இருக்கும் ஒரே கடை என்னுடையது. அரிசியும் வெண்ணெயும் விற்றவன் நான். என் கம்ப்யூட்டருக்கு இரண்டு கிண்ணம் வைத்தவனும் நான்தான்.

கதை வசந்தத்தில் தொடங்கியது. எல்லோர் திரையிலும் ஒரே அறிவிப்பு: 'உங்கள் பழைய இயங்குதளத்துக்கு இனி பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது.' கொஞ்ச நாளில் வங்கியின் பக்கம் திறக்க மறுத்தது. பிறகு ஓய்வூதிய அலுவலகத்தின் பக்கம். பழைய கணினியிலும் ஓடுகிற இலவச இயங்குதளம் ஒன்று இருக்கிறது, அதற்கு மாறினால் போதும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. 'மாற்றும்போது வட்டு துடைக்கப்படலாம்' என்றும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தைத்தான் ஊரே பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது. துடைத்தால் பேரன் பேத்தி படங்கள்? பிடித்த மீன்களின் படங்கள்? சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் எரித்த நாற்பது வருடத்து விறகுக் கணக்கு?

அந்தச் சமயம் பார்த்து, தெற்கேயிருந்து வெள்ளை நிற வேனில் வந்து இறங்கினார் தார்மோ வைனிக்கா. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தலையில் சிவப்புக் குல்லா. ஜூலையில் கம்பளி! அதைப் பார்த்ததுமே பாதி ஊர் மயங்கிவிட்டது. வேர்வை சொட்டச் சொட்ட ஒருவர் பேசினால் அதில் உண்மை இருக்கும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

"புது சிஸ்டத்துல உங்க ஃபைலெல்லாம் இருக்குற எடத்துக்கு என்ன பேரு?" என்று நூலக வண்டி வந்து நிற்கும் திடலில் நின்று கேட்டார்.

"கோத்தி" என்றது கூட்டம். எங்கள் மொழியில் வீடு என்று பொருள். கோப்புகளை அடுக்கிவைக்கிற அந்த அடைவுக்கு நிஜமாகவே அதுதான் பெயர். யாரோ ஒரு பொறியாளர் போகிறபோக்கில் வைத்தது.

"வீடுன்னு ஒண்ணு இருந்தா, அதுக்குக் காவல் யாரு?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது தொந்துதான். எங்கள் ஊரில் தொந்துவை நம்புகிறவர் யாருமே கிடையாது. நம்பாமல்தான் கிறிஸ்துமஸ் தோறும் சவுனாவில் வீட்டைக் காக்கும் அந்தச் சிவப்புக் குல்லாக் குள்ளனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கிறோம். நம்பாமல்தான் வீடு மாறும்போது அடுப்புச் சாம்பலை எடுத்துப்போய்ப் புது வீட்டில் போட்டு, 'வா, நீயும் வந்துடு' என்று தொந்துவைக் கூப்பிடுகிறோம்.

"பத்து வருஷமா உங்க போட்டோவப் பாத்துக்கிட்டது தொந்துதான்" என்றார் தார்மோ. "அதக் கூப்புடாம சிஸ்டத்த மாத்துனீங்கன்னா, அது கோவிச்சுக்கிட்டுக் காட்டுக்குப் போயிடும். போறப்ப சும்மா போகுமா? ஃபைல மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடும்."

முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒஸ்மோ வாத்தியார் எழுந்து, "இதுல ஒரு தர்க்கம் இருக்குய்யா" என்றார். போதாதா? மறுநாள் என் கடையில் அரிசி தீர்ந்தது.

சடங்கு ஏரிக்கரைப் பொதுச் சவுனாவில் நடந்தது. கம்ப்யூட்டரையும், வெண்ணெய் மிதக்கிற கஞ்சிக் கிண்ணத்தையும் தார்மோவிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, காணிக்கைதான். காணிக்கை நூற்றைம்பது யூரோ. தார்மோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே நாங்கள் வரிசையில், ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடம்விட்டு, சத்தம் போடாமல் நிற்போம். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். கிண்ணம் வழித்த மாதிரி காலியாக இருக்கும். கம்ப்யூட்டரில் புது இயங்குதளம். உள்ளே படங்கள் அத்தனையும் பத்திரம்!

"தின்னுடுச்சு பாருங்க!" என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். கைதட்டல். மூன்று வாரத்தில் தார்மோவின் கம்பளிச் சட்டை வயிற்றருகே இறுக ஆரம்பித்தது. கஞ்சியைத் தொந்து தின்ன, வயிறு மட்டும் இவருக்கு ஏன் வளர்கிறது என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏலிஸ் கார்ப்பினென் வந்து நின்றார். சாலைப் பனி வழிக்கும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்தெட்டு வயது. அவர் கம்ப்யூட்டரில் படம் கிடையாது, கணக்கும் கிடையாது. ஒரே ஒரு கோப்பு. அவர் மனைவி லெம்பியின் குரல்.

லெம்பி மேல் ஊருக்கே ஒரு பொறாமை உண்டு. சதுப்பில் காய்க்கும், பொன் விலை விற்கும் ஹில்லாப் பழத்தை வருடம் தவறாமல் வாளி வாளியாகக் கொண்டுவருவாள், எங்கிருந்து என்று மட்டும் சொல்ல மாட்டாள். அதில் தப்பில்லை. தன் ஹில்லா இடத்தை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, பாதிரியாருக்கும் சொல்வதில்லை. லெம்பி நாற்பத்துநாலு வருடம் கூடப் படுத்த புருஷனுக்கே சொல்லவில்லை. கடைசியில் மருத்துவமனைக்குப் போவதற்கு முதல் வாரம், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வழியைப் பேசிப் பதிவுசெய்துவிட்டுப் போனாள். போனவள் திரும்பவில்லை. இரண்டு வருடமாக ஏலிஸ் ஹில்லா பறிக்கப் போகவில்லை. ஆனால் ஞாயிறு தோறும் காப்பி குடித்தபடி அந்தக் குரலைக் கேட்பார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. தார்மோவின் முகம் வாடியிருந்தது.

"தொந்து வரலை, ஏலிஸ். கோவிச்சுக்கிச்சு."

ஏலிஸ் கம்ப்யூட்டரைத் திறந்தார். கோத்தி என்கிற அந்த வீடு இருந்தது. வீட்டுக்குள் ஒன்றுமில்லை. அவர் அழவில்லை. மூடியைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார்.

"அவ கொரலு" என்றார். "வேற எங்கயும் இல்ல. போன்லகூட இல்ல."

தார்மோ கண்ணை மூடினார். குல்லாவைச் சரிசெய்தார். காற்றில் காது கொடுத்தார்.

"இருங்க... பேசுது. காட்டுலேருந்து பேசுது. ஒரு கேள்வி கேக்குது. 'ஏலிஸ் பூட்ஸத் தொலச்சது எந்த எடம்?' அதச் சொன்னா ஃபைலத் திருப்பித் தருதாம்."

ஏலிஸ் விறகுக் கட்டையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "பூட்ஸா! அது எப்படித் தெரியும்? எண்பத்துமூணாம் வருஷம் சேத்துல மாட்டி எடது கால் பூட்ஸத் தொலச்சிட்டு ஒத்தக் கால்ல வீட்டுக்கு வந்தேன். வெக்கக்கேடு. வெளிய சொல்ல மாட்டேன்னு லெம்பி சத்தியம் பண்ணினா. அவளுக்கும் எனக்கும் தவிர யாருக்குமே தெரியாதே!"

கூட்டம் அப்படியே சிலிர்த்தது. ஒஸ்மோ வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். இதைவிடப் பெரிய அற்புதம் எங்கே கிடைக்கும்? நான் மனதுக்குள் மூன்றாவது கிண்ணத்துக்குக் கணக்குப் போட்டேன்.

ஏலிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு ஹார்ன் சத்தம். செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற நடமாடும் நூலகப் பேருந்து, ஜன்னலைத் திறந்துபோட்டபடி எப்போது வந்து நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை. அதை ஓட்டுகிறவளும், புத்தகம் கொடுக்கிறவளும், தாமதமாகத் திருப்பினால் முறைக்கிறவளும் ஒருத்திதான். ரௌஹா. ஐம்பத்திரண்டு வயது. தொந்துவுக்குக் கிறிஸ்துமஸிலும் கஞ்சி வைக்காத ஒரே ஜென்மம்.

"ஏலிஸ், நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வண்டிக்குள்ள வாங்க" என்றாள். "நீயும் வாய்யா, கடைக்காரா. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

உள்ளே புத்தக அலமாரிகளுக்கு நடுவே ஏலிஸுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த பூட்ஸ் சமாச்சாரம் ரெக்கார்டிங்ல வருதா?"

"வருதே. 'நீ பூட்ஸத் தொலச்ச எடத்துலேருந்து கெழக்க எண்ணூறு தப்படி, அப்புறம் வடக்க முந்நூறு தப்படி'ன்னு சொல்லுவா. வேற யாரு கேட்டாலும் புரியாது. அதான் அவ சாமர்த்தியம்."

"அப்ப காட்டுல இருக்குற தொந்துக்கு பூட்ஸப் பத்தி எப்படித் தெரியும்? யாரோ அதக் கேட்டிருக்காங்க. கேட்டவனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு, ஆரம்பிக்கிற எடம் மட்டும் புரியல. அதான் உங்ககிட்ட வெசாரிக்குது, அந்தக் குல்லா போட்ட தொந்து."

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. ஏலிஸ் மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா ஃபைல் அவன்கிட்ட இருக்கா? அழியலையா?"

"அத ருசுப்படுத்துவோம். உங்க எடத்த என்கிட்டகூடச் சொல்ல வேணாம்."

"சொல்லவும் மாட்டேன்" என்றார் ஏலிஸ், சட்டென்று. அந்த நிலையிலும்!

ரௌஹா ஊர் வரைபடத்தை விரித்தாள். எங்கள் சேற்றுப் பந்தாட்ட மைதானத்தின் நடுவட்டத்தில் பென்சிலை வைத்தாள். இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பந்து விளையாடுவதற்காகவே நாங்கள் பராமரிக்கிற சதுப்பு அது. அங்கிருந்து தெற்கே முந்நூறு தப்படி, மேற்கே எண்ணூறு தப்படி என்று பின்னோக்கி அளந்தாள். பென்சில் பழைய மரம் அறுக்கும் ஆலையின் பின்சுவரில் வந்து நின்றது.

"பூட்ஸ் தொலஞ்சது இங்கன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை சொல்லாதீங்க. பழம் பழுத்துடுச்சு, ஞாயித்துக்கெழம நானே போய்ப் பறிக்கப் போறேன்னு மட்டும் சேத்துக்கங்க. வெள்ளி வரைக்கும் அவனுக்குச் சடங்கு இருக்கு, சனிக்கெழமைய விட்டா வேற நாள் கெடையாது."

ஏலிஸ் புதன்கிழமை அப்படியே சொன்னார். தார்மோ பக்தியோடு தலையசைத்தார். "தொந்துகிட்டச் சொல்லிடறேன். திங்கக்கெழம கஞ்சியோட வாங்க."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மைதானத்தைச் சுற்றி ஐம்பது பேர் நின்றோம். பந்தாட்டம் என்றுதான் ரௌஹா எல்லோரையும் அழைத்திருந்தாள். ஒஸ்மோ வாத்தியார் நடுவர், கழுத்தில் விசில். சத்தம் போடாமல் நில்லுங்கள் என்றாள். ஐம்பது பேர் சேர்ந்து பேசாமல் நிற்பது எங்களுக்கு ஒரு சிரமமே இல்லை, தினமும் செய்வதுதான்.

எட்டேகாலுக்குத் தெற்குப் பக்கத்து மரங்களுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

"எரநூத்தி எழுவத்தொண்ணு... எரநூத்தி எழுவத்திரண்டு..."

கையில் திசைகாட்டி. இரண்டு பக்கமும் இரண்டு வாளி. முகத்தில் கொசுவலை. வலை வழியே காலடியைத் தவிர எதையும் பார்க்காமல் எண்ணிக்கொண்டே தார்மோ மைதானத்துக்குள் இறங்கினார். முழங்கால் முழுகியது. நிற்கவில்லை. ஆசைக்குச் சேறு தெரியுமா? தொடை முழுகியது.

"எரநூத்தித் தொண்ணூத்தொம்போது... முந்நூறு!"

சரியாக நடுவட்டம். இடுப்புவரை முழுகியது. ஒஸ்மோ வாத்தியார் பழக்கத்தில் விசிலை ஊதிவிட்டார்.

தார்மோ கொசுவலையைத் தூக்கினார். சுற்றிலும் ஐம்பது முகம்.

இந்தக் கதையில் இதுவரை 'அவர்' என்று எழுதிவந்தேன். பழக்கதோஷம், மன்னிக்கவும். இனி 'அவன்'.

"வணக்கம், தார்மோ" என்றாள் ரௌஹா கரையில் நின்றபடி. "காலங்காத்தால எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா... நடக்கலாம்னு..." என்றான்.

"ரெண்டு வாளியோடவா? சரி. பூட்ஸ் தொலஞ்ச எடத்த மட்டும்தான ஏலிஸ் உன்கிட்டச் சொன்னாரு. அந்த எண்ணூறும் முந்நூறும் யாரு சொன்னது?"

"தொந்து... தொந்து காதுல சொல்லிச்சு."

"அப்படியா? ஏலிஸ் உன்கிட்டச் சொன்ன எடமே பொய்யி. பூட்ஸ் அங்க தொலையவே இல்ல. எல்லாம் தெரிஞ்ச தொந்துக்கு அது மட்டும் ஏன் தெரியாமப் போச்சு?"

தார்மோ ஒஸ்மோ வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி, "இதுல நெஜமாவே ஒரு தர்க்கம் இருக்கு" என்றார்.

"இழுத்து விடுங்கய்யா, முழுகுது!" என்று கத்தினான் தார்மோ.

ஏலிஸ் அப்போதுதான் முன்னால் வந்தார். கையில் நீளமான கழி. நீட்டவில்லை.

"லெம்பியோட கொரலு எங்க?"

"தொந்துகிட்ட..."

ஏலிஸ் கழியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேன்ல! வேன்ல இருக்கு! கஞ்சிச் சட்டிக்குக் கீழ, கறுப்பு ஹார்ட் டிஸ்க்கு!"

இழுத்துப் போட்டோம். வலது காலில் பூட்ஸ் இருந்தது. இடது காலில் இல்லை.

அன்று மைதானத்துக்கே ஓட்டிவந்திருந்த நூலகப் பேருந்தில் வைத்து அந்த ஹார்ட் டிஸ்க்கை ரௌஹா திறந்தாள். ஊரே உள்ளே இருந்தது. ஒவ்வொருத்தர் பெயரிலும் ஓர் அடைவு. என் பெயரிலும் ஒன்று.

"பாத்துக்கங்க, அற்புதம் இதுதான்" என்றாள். "கதவச் சாத்துனதும் உங்க ஃபைல இதுல காப்பி எடுப்பான். புது சிஸ்டத்தப் போடுவான். காப்பிய மறுபடி உள்ள போடுவான். மிச்ச நேரத்துல உக்காந்து கஞ்சியத் தின்பான். காப்பிய அழிக்காம வச்சுக்கிட்டு, எதாவது தேறுமான்னு உங்க சமாச்சாரத்தையெல்லாம் மேஞ்சிருக்கான்."

"அவ்ளோதானா?" என்றார் யாரோ, ஏமாற்றத்தோடு.

"அவ்ளோதான். ஏலிஸ், இதுதானே?"

அவள் விசையை அழுத்தினாள். பேருந்தின் ஒலிபெருக்கியோடு கணினி இணைந்திருந்தது யாருக்கும் தெரியாது. லெம்பியின் குரல் கணீரென்று மைதானம் முழுக்கக் கேட்டது: "ஏலிஸ், கவனமாக் கேளு..."

அப்போது எங்கள் ஊர் ஒரு காரியம் செய்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றோம். அடுத்தவர் ஹில்லா இடத்தைக் காதில் வாங்குவது பாவம். தொந்துவை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். இதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஏலிஸ் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பதிவு முடிந்த பிறகும் அங்கேயே நின்றார்.

"கடைசியில என்ன சொல்றாங்க?" என்று ரௌஹா பிறகு கேட்டாள்.

"'இதக் கேட்டதும் அழிச்சிடு'ங்கறா" என்றார் ஏலிஸ், மூக்கைத் துடைத்தபடி. "நாப்பத்துநாலு வருஷம் அவ சொன்னதெல்லாம் கேட்டேன். இத மட்டும் கேக்க மாட்டேன். எனக்கு இத மூணு காப்பி எடுத்துக் குடு."

தார்மோவைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது, ஒற்றைப் பூட்ஸோடு. காணிக்கை திரும்பி வந்தது. தின்ற கஞ்சி வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மிச்சமிருந்தவர்களும், ஏற்கெனவே மாற்றியதைச் சரிபார்க்க வந்தவர்களும் கம்ப்யூட்டரோடு நூலகப் பேருந்தில் வரிசை கட்டினார்கள். ரௌஹா கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தர் கண்ணெதிரிலும் காட்டிக்கொடுத்தாள். முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகல் எடுப்பது. நகல் திறக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் இயங்குதளத்தை மாற்றுவது. அப்புறம் நகலை வீட்டில் கொண்டுவந்து வைப்பது. காணிக்கை இல்லை. கடன் வாங்கிய புத்தகத்தை நேரத்துக்குத் திருப்பினால் போதும் என்றாள்.

பாதி வரிசை நகர்ந்ததும் ஒஸ்மோ வாத்தியார் முறை வந்தது. ஒரு கையில் லேப்டாப். இன்னொரு கையில் துணி மூடிய கிண்ணம்.

"அது என்ன?" என்றாள் ரௌஹா.

"ஒண்ணுமில்ல... கொஞ்சம் கஞ்சி. நான் நம்பலை. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

வரிசையில் ஏழெட்டுப் பேர் தங்கள் பையைப் பின்னால் மறைத்தார்கள். என் பையும் அதில் ஒன்று.

ரௌஹா கிண்ணத்தை வாங்கினாள். கரண்டியை எடுத்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும் கடைசிப் பருக்கை வரை தின்றாள். வெண்ணெயைக்கூட வழித்துவிட்டாள். பிறகு வாத்தியாரின் லேப்டாப்பில் நகல் எடுத்து, இயங்குதளத்தை மாற்றி, கோப்புகளைத் திருப்பி வைத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மீன் படங்கள் அத்தனையும் இருந்தன.

"தொந்து இன்னிக்குப் பட்டினி. ஃபைல் ஒண்ணுகூடக் குறையல" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "மூணு வாரமா கஞ்சியக் கிண்டுன நேரத்துல, ஆளுக்கு ஒரு நிமிஷம் மூளையக் கிண்டியிருந்தா, இந்த ஊருக்கு தார்மோவும் வேண்டியதில்ல, நானும் வேண்டியதில்ல."